மன்னார்க் கரையும் வான்வழி மீட்பும்

தீவு என்பது நாற்புறமும் நீராற் சூழப்பட்ட நிலம் என்று பூகோள நூல்கள் இலக்கணம் கூறும். பேரிடரிலே காயமுற்று வீழ்ந்தவனுக்கோ வேறோர் இலக்கணம் உண்டு. தன் உயிரைக் காக்க வல்ல வைத்தியருக்கும் தனக்கும் இடையே, உரிய வேளையிற் கடக்க முடியாத தூரம் எங்கே கிடக்கின்றதோ, அங்கே அவன் தீவில் இருக்கின்றான். அத்தூரத்தைக் காலால் நடந்தும், ஓடத்தில் ஏறியும், புகையிரதத்தில் அமர்ந்தும், ஈற்றில் வானிற் பறந்தும் கடக்க மனிதர் முயன்ற கதை ஒரு வரலாறாகும். அவ்வரலாற்றைப் படிப்பதற்கு மன்னாரினும் ஏற்ற இடம் இலங்கையிற் காண்பது அரிது.

இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இந்தியாவை நோக்கி நீட்டிய கைபோலக் கிடப்பது மன்னார்த் தீவு. அக்கையின் தோட்புறத்தில் மன்னார் நகரம். விரல் நுனியில் தலைமன்னார். அதற்கும் அப்பால் ஆதாம் பாலம் எனப்படும் மணற்றிட்டுகள். அவற்றின் மறுமுனையில் தனுஷ்கோடி. தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து மன்னார் நகரத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அங்கிருந்து பெருநிலத்தை அடைய ஒரு தாம்போதியும் பாலமுமே வழி. பெரிய சத்திரசிகிச்சைகளுக்குரிய போதனா வைத்தியசாலைகள் வடக்கே யாழ்ப்பாணத்திலும் தென்கிழக்கே அநுராதபுரத்திலும் உள்ளன. வீதி வழியே இரண்டும் நூறு கிலோமீற்றருக்கு அப்பாற்பட்டவை.

இந்தக் கரை கண்ட பேரழிவுகளுள் ஒன்று ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. ஆண்டுக் கணக்கில் நீடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்குத் தமிழகத்திலிருந்து வந்த மக்களில் மிகப் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டினூடே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வடக்குப் பாதை என அது வழங்கிற்று. வழியிலே நீர் இல்லை, நிழல் அரிது, வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் கூடவே நடந்தன. விழுந்தவரைச் சுமந்து செல்வார் இலர். கங்காணியும் கூட்டமும் முன்னே செல்ல, நோயாளி வழியோரத்திற் கிடந்து மடிந்தான். நெடுங்காலத்தின் பின்னரே கிணறுகளும் தங்கு கொட்டகைகளும் வைத்தியசாலைகளும் அப்பாதையில் அமைந்தன. அந்த மக்களைக் கொன்றது நோய் மாத்திரமன்று. நோய்க்கும் மருந்துக்கும் இடையே கிடந்த தூரமும் அவர்களைக் கொன்றது.

1914 ஆம் ஆண்டில் அத்தூரம் ஓரளவு சுருங்கிற்று. அவ்வாண்டு தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும், மறுகரையிற் பாம்பன் பாலமும், இரண்டையும் இணைக்கும் நீராவிக் கப்பற் சேவையும் தொடங்கின. சென்னையில் ஏறியவர் கொழும்பில் இறங்கக்கூடிய காலம் வந்தது. மன்னாரின் நோயாளிக்கும் புகையிரதப் பெட்டி ஒரு வழியாயிற்று. ஆயினும் புகையிரதம் தன் நேரத்துக்கே புறப்படும். காயமுற்றவனின் நேரத்துக்கு அது புறப்படாது.

இனி வான்வழியின் தோற்றத்தைக் காண்போம். காயமுற்றோரை விரைந்து எடுத்துச் செல்லவேண்டும் என்ற எண்ணம் ஹெலிகொப்டருக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. 1790களில் பிரெஞ்சுப் படையின் சத்திரவைத்தியர் லாரே என்பார் குதிரைகள் பூட்டிய இலேசான வண்டிகளைப் போர்க்களத்துக்கே கொண்டு சென்றார். பறக்கும் அம்புலன்ஸ் என்று அவற்றுக்குப் பெயர். வேகத்தோடு அவர் மற்றொரு நெறியையும் புகுத்தினார். பதவியையோ படையையோ பாராது, காயத்தின் கடுமையைப் பார்த்தே முதலிற் சிகிச்சை பெறுபவர் யார் எனத் தீர்மானிக்கவேண்டும் என்பது அந்நெறி. வேகமும் வரிசையும் ஒருங்கே பிறந்தன என்பதை நினைவிற் கொள்வது நன்று. பின்னர் வந்தோர் வேகத்தைப் போற்றி வரிசையை மறந்த இடங்களிலெல்லாம் உயிர்கள் மாண்டன.

ஹெலிகொப்டர் முதன்முதலாகப் போர்க்களத்திற் காயமுற்றோரை ஏற்றியது பர்மாவில். 1944 ஏப்ரிலில் அமெரிக்க விமானி கார்ட்டர் ஹார்மன் என்பார், பகைவர் எல்லைக்குள் வீழ்ந்த விமானத்தின் ஓட்டியையும், காயமுற்ற பிரித்தானியப் படைவீரர் மூவரையும் சிறியதொரு சிக்கோர்ஸ்கி இயந்திரத்தில் மீட்டார். அவ்வியந்திரம் ஒரு முறைக்கு ஒருவரையே சுமக்க வல்லது. எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு பயணம். 1950 இல் மலாயாக் காடுகளில் நடந்த போரின்போது பிரித்தானிய விமானப்படை, டிராகன்ஃபிளை ஹெலிகொப்டர்களைக் கொண்டு, காயமுற்றோரை மீட்பதற்கென்றே ஒரு பிரிவைச் சிங்கப்பூரில் அமைத்தது. காட்டிலிருந்து தோளிற் சுமந்து வரப் பல நாட்கள் ஆகும் தூரம் சில நிமிடங்களாகச் சுருங்கியது. கொரியப் போரிலே, வெளிப்புறத்திற் படுக்கைகள் பொருத்தப்பட்ட சிறு பெல் ஹெலிகொப்டர்கள் ஏறத்தாழ 18,000 பேரை முன்னணி வைத்தியசாலைகளுக்குக் கொண்டு சென்றன.

போர்க்களத்திற் கற்றது வெள்ளத்திற் பயன்பட்டது. 1953 பெப்ரவரியில் வடகடல் பொங்கி ஒல்லாந்தைச் சூழ்ந்தபோது கூரைகளில் நின்ற மக்களை ஹெலிகொப்டர்கள் தூக்கின. இலங்கை அக்காட்சியைக் காண நெடுங்காலம் செல்லவில்லை. 1957 டிசெம்பரில் பெருமழை பொழிந்து குளக்கட்டுகள் உடைந்து வரண்ட வலயம் நீரில் மூழ்கியது. அப்போது அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான பிரின்ஸ்டன் இலங்கைக்கு வந்தது. அதன் ஹெலிகொப்டர்கள் உணவும் மருந்தும் கொண்டு சென்று, வெள்ளத்தில் அகப்பட்டோரை மீட்டன. பாதை அறுந்தாலும் வழி அறாது என்பதை நாட்டு மக்கள் கண்டனர்.

ஏழு ஆண்டுகளின் பின்னர் மன்னார்க் கடலில் வேறொரு பாடம் எழுதப்பட்டது. 1964 டிசெம்பர் 22 ஆம் நாள் வங்காள விரிகுடாவிலிருந்து வந்த சூறாவளி திருகோணமலைப் பக்கமாக இலங்கையிற் புகுந்து, வடபகுதியைக் குறுக்கே கடந்து, மன்னார்ப் பகுதியையும் தாக்கி, பாக்குநீரிணையின் மறுகரையை நோக்கிச் சென்றது. வீடுகளும் வள்ளங்களும் வயல்களும் அழிந்தன. அன்று நள்ளிரவை அண்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653 ஆம் இலக்கப் பயணிகள் வண்டி, ஊரை நெருங்கும் வேளையிற் பேரலையால் வாரிக்கொள்ளப்பட்டது. அதிற் சென்ற நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பன் பாலத்தின் 145 தூலங்களில் 126 தூலங்கள் கடலில் வீழ்ந்தன. இராமேசுவரம் பெருநிலத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. பொறியியலாளர் ஸ்ரீதரன் தலைமையில் அப்பாலம் 46 நாட்களிற் செப்பனிடப்பட்டமை பின்னர் பெரும் சாதனையாகப் பேசப்பட்டது.

அந்த வண்டியில் இருந்தோரை எந்த ஹெலிகொப்டராவது காப்பாற்றியிருக்க முடியுமா? முடியாது என்பதே நேர்மையான விடை. சூறாவளிக் காற்றிலே ஹெலிகொப்டர் பறக்க இயலாது. இருளும் மழையும் விமானியின் கண்ணை மறைக்கும். பேரலை தன் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். அவர்களைக் காத்திருக்கக் கூடியது ஒன்றே: வண்டியைப் பாம்பனில் நிறுத்தும் எச்சரிக்கை. ஆகவே வான்வழி மீட்பின் முதலாவது எல்லையை 1964 கற்பித்தது. காற்று ஓயும்வரை அது காத்திருக்கும். காற்று வருமுன் மக்களை அகற்றுவது நிலத்தில் நிற்பவரின் கடமை.

இரண்டாவது எல்லை காலத்தைப் பற்றியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அதிர்ச்சிக் காயங்களுக்கென்று சிகிச்சை நிலையம் நிறுவிய கௌலி என்னும் சத்திரவைத்தியர், பொன்னான ஒரு மணி நேரம் என்ற கருத்தைப் பரப்பினார். கடுங்காயமுற்றவன் அந்நேரத்துக்குள் உரிய சிகிச்சை பெற்றாற் பிழைப்பான் என்பது அதன் சாரம். அறுபது நிமிடம் என்பதைக் கடிகாரக் கணக்காகக் கொள்ளல் வேண்டா; தாமதம் கொல்லும் என்பதே அதன் பொருள். 1970 இல் மேரிலன்ட் மாநிலப் பொலிசாரின் ஹெலிகொப்டர்கள் வீதி விபத்துக்களிற் காயமுற்றோரை அந்நிலையத்துக்குக் கொண்டுவரத் தொடங்கின. அதே ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகரில் வைத்தியரையே நோயாளியிடம் கொண்டு செல்லும் ஹெலிகொப்டர் சேவை ஆரம்பமாயிற்று. நோயாளியை வைத்தியரிடம் சேர்ப்பது ஒரு முறை. வைத்தியரை நோயாளியிடம் சேர்ப்பது மற்றொரு முறை. இரண்டும் தூரத்தை வெல்லும் வழிகளே.

ஒருவர் இருவர் காயமுற்ற விபத்துக்கு இவ்வளவும் போதும். ஐம்பது பேர், நூறு பேர் ஒருங்கே வீழ்ந்தால் என் செய்வது? 1988 ஆகஸ்ட் 28 ஆம் நாள் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானத் தளத்தில் விமானக் காட்சி நடந்துகொண்டிருக்கையில் மூன்று இத்தாலிய விமானங்கள் வானில் மோதின. அவற்றுள் ஒன்று தீப்பிழம்பாகப் பார்வையாளர் மீது வீழ்ந்தது. எழுபது பேர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் எரிகாயமுற்றனர். அங்கே ஹெலிகொப்டருக்குப் பஞ்சமில்லை; ஒழுங்குக்கே பஞ்சம். அமெரிக்கப் படையினர் உடனே ஏற்றிச் செல்வதை வழக்கமாகக் கொண்டவர். ஜெர்மானியர் நிலத்திலேயே முதற்சிகிச்சை செய்து, வரிசைப்படுத்திப் பின்னரே அனுப்புபவர். இருவருக்கும் இடையே தொடர்பு சீராக இல்லை. நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்கள்கூட ஒருவருடையது மற்றவருடையதற்குப் பொருந்தவில்லை. செல்வமும் இயந்திரமும் நிறைந்த நாட்டிலேயே திட்டமின்மை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு ராம்ஸ்டைன் சான்றாயிற்று.

இத்தகைய நிகழ்வுகளிலிருந்து திரண்ட அறிவைச் சுருங்கக் கூறலாம். பேரிடரில் முதல் வேலை பிரித்தல். உடனே சிகிச்சை இன்றேல் இறப்பவர் சிவப்பு, சிறிது காத்திருக்கக் கூடியவர் மஞ்சள், நடக்கக் கூடியவர் பச்சை, மாண்டவர் கறுப்பு. இப்பிரிவு நடைபெறாவிடின், உரக்கக் கூவுபவரே முதலில் ஏற்றப்படுவார். கூவ வலுவற்றவரே பெரும்பாலும் கடுங்காயமுற்றவர். இரண்டாவது வேலை பகிர்தல். காயமுற்ற அனைவரையும் அண்மையிலுள்ள ஒரே வைத்தியசாலையிற் கொண்டுசென்று குவித்தால், விபத்து நடந்த இடம் வீதியிலிருந்து வைத்தியசாலை வாயிலுக்கு மாறியதேயன்றி வேறொன்றும் நிகழ்ந்ததாகாது. ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு நேரத்தில் ஒருவருக்கே சத்திரசிகிச்சை செய்யலாம். கடுங்காயமுற்றோரைத் தூரத்து வைத்தியசாலைகள் பலவற்றுக்குப் பகிர்ந்தளிப்பதே ஹெலிகொப்டரின் சிறந்த பணி.

இந்த அளவுகோலை மன்னாரில் வைத்துப் பார்ப்போம். 2021 மார்ச் 16 ஆம் நாள் தலைமன்னார் இறங்குதுறைப் பகுதியில், பாதுகாப்பற்ற புகையிரதக் கடவையிலே தனியார் பஸ் ஒன்றைப் புகையிரதம் மோதிற்று. பஸ்ஸில் இருந்தோரிற் பலர் பாடசாலைப் பிள்ளைகள். ஒரு பிள்ளை உயிரிழந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். தலைமன்னாரிலும் மன்னாரிலும் உள்ள வைத்தியசாலைகளே அவர்களை ஏற்றன. பெருநகரத்துக்கு இருபது பேர் சிறு தொகையாகலாம். தீவின் முனையிலுள்ள ஊருக்கோ அது பேரிடர்.

அத்தகைய வேளையில் அநுராதபுரத்திலிருந்து ஹெலிகொப்டர் வருவதாகக் கொள்வோம். வானில் நேர்கோட்டில் மன்னாருக்கும் அநுராதபுரத்துக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 90 கிலோமீற்றர், அரைமணிப் பறப்பு. செய்தி சேர்வதற்கும், கட்டளை பிறப்பதற்கும், இயந்திரம் எழுவதற்கும் ஆகும் நேரத்தை அதனோடு கூட்டல் வேண்டும். தலைமன்னாரில் அது இறங்குவதற்குள், வீதி வழியே செல்லும் அம்புலன்ஸ் மன்னார் வைத்தியசாலையை அடைந்துவிடும். எனவே அந்த முதல் மணி நேரம் தீவுக்கே உரியது. 1990 சுவசெரிய என வழங்கும் அம்புலன்ஸ் சேவை 2016 இல் தென்னிலங்கையில் இந்திய உதவியோடு தொடங்கி, 2018 இல் வடமாகாணத்துக்கும் வந்தமை அவ்வகையில் ஒரு பெரும் பேறு.

ஹெலிகொப்டரின் மணி நேரம் அதற்கு அடுத்தது. மன்னார் வைத்தியசாலை இரத்தப்பெருக்கை நிறுத்தி, மூச்சுக்கு வழி செய்து, யார் சிவப்பு, யார் மஞ்சள் என்று பிரித்த பின்னர், தலையிலோ நெஞ்சிலோ கடுங்காயமுற்றோரைச் சுமந்து செல்வதற்கு அது வேண்டும். வரும்போது வெறுமையாக வராமல், சத்திரவைத்தியரையும் இரத்தத்தையும் கொண்டுவருமாயின் அதன் பயன் இரட்டிப்பாகும். பெல் 212 வகை ஹெலிகொப்டரில் ஆறு தூக்குப்படுக்கைகளும், அதனிற் பெரிய எம்.ஐ. 17 வகையிற் பன்னிரண்டும் வைக்கலாம். அந்த ஆறு இடங்களும் எவருக்குரியவை என்பதை இயந்திரம் அறியாது. அதனைத் தீர்மானிப்பவர் நிலத்தில் நிற்கும் வைத்தியரும் தாதியருமே.

இறங்குவதற்கு இடமும் வேண்டும். முப்பது மீற்றர் நீளமும் அகலமும் உள்ள சமநிலம் சிறு ஹெலிகொப்டருக்குப் போதும்; பெரியதற்கு மேலும் அகன்ற வெளி வேண்டும். மன்னாரிலே வெளி உண்டு. ஆனால் இடையூறும் உண்டு. மணற்பாங்கான நிலம் சுழலிறகின் காற்றாற் புழுதியாக எழுந்து விமானியின் பார்வையை மறைக்கும். முன்கூட்டியே பவுசரில் நீர் கொண்டுவந்து தெளித்தல் நன்று. பனைகளும் மின்கம்பிகளும் வழிமறிக்கும். தீவின் தென்கரையில், தம்பபவனி எனப் பெயரிய மின்னுற்பத்தி நிலையத்தின் முப்பது காற்றாலைகள் 2020 இறுதி முதல் வானளாவி நிற்கின்றன. இருளிலோ மழையிலோ தாழப் பறந்து வரும் விமானி அவற்றை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். எந்தப் பாடசாலை மைதானத்தில் இறங்கலாம், எந்தத் திசையால் வரலாம், எவர் கூட்டத்தை விலக்குவார், எவர் புகைக் குறியால் காற்றின் திசையைக் காட்டுவார் என்பன பேரிடர் நாளில் ஆராயப்படும் கேள்விகளல்ல. அமைதியான நாளில் எழுதி வைக்கப்பட வேண்டிய விடைகள்.

இக்கரைக்கே உரிய இன்னொரு தடையும் உண்டு. அது வரைபடத்திற் காணப்படுவதன்று. நெடுங்காலப் போரிலே ஹெலிகொப்டரின் ஒலி கேட்டாற் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறை மன்னாரில் இன்னும் வாழ்கின்றது. அக்காலத்தில் அவ்வொலி குடிமக்களுக்கு அச்சத்தின் ஒலி. 1990 இற் புகையிரதமும் நின்றது, பாலமும் தகர்ந்தது, நோயாளியின் வழி மீண்டும் பழைய காலத்துக்குச் சென்றது. 2010 இற் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 இல் தலைமன்னார்ப் புகையிரதம் திரும்பிற்று. வீதியையும் தண்டவாளத்தையும் மீண்டும் அமைக்க ஆண்டுகள் சில போதும். ஓர் ஒலியின் பொருளை மாற்ற அதனினும் நெடுங்காலம் ஆகும். மீட்பு ஒத்திகைகளை ஊர் மக்கள் காணும்படி, அவர்களையும் பங்காளராக்கி நடத்துவது அம்மாற்றத்துக்கு உதவும்.

2025 நவம்பர் 28 ஆம் நாள் தித்வா சூறாவளி இலங்கையின் கிழக்குக் கரையிற் புகுந்து, நாடெங்கும் வெள்ளத்தையும் மண்சரிவையும் விளைத்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கை விமானப்படையின் ஹெலிகொப்டர்களோடு இந்தியாவின் விமானப்படையும், விக்ராந்த் என்னும் கப்பலின் ஹெலிகொப்டர்களும் மீட்பில் ஈடுபட்டன. கூரைகளிலும் மலைச்சரிவுகளிலும் அகப்பட்டிருந்தோரும் நோயாளரும் வான்வழியாக மீட்கப்பட்டனர். அம்முயற்சியின் நடுவே நவம்பர் 30 ஆம் நாள் லுணுவிலையில் பெல் 212 ஹெலிகொப்டர் ஒன்று வீழ்ந்து, அதன் விமானி உயிர் நீத்தார். வான்வழி மீட்பு இலவசமாகக் கிடைப்பதன்று. அழைக்கும் ஒவ்வொரு முறையும் பிறரின் உயிர் பணயம் வைக்கப்படுகின்றது. ஆகவே வீணாக அழைத்தலும் தவறு. வந்தபின் ஆயத்தமின்றி அதனைக் காக்கவைத்தலும் தவறு.

வடக்குப் பாதையில் வீழ்ந்தவனைச் சுமக்க ஆளில்லை. தனுஷ்கோடி வண்டியை நிறுத்த எச்சரிக்கையில்லை. ராம்ஸ்டைனிலே ஆளும் இயந்திரமும் இருந்தும் ஒழுங்கில்லை. மன்னாரின் இன்றைய நிலையில் வீதியும் உண்டு, அம்புலன்சும் உண்டு, அழைத்தால் வரக்கூடிய ஹெலிகொப்டரும் நாட்டில் உண்டு. இவற்றை ஒரு சங்கிலியாகப் பிணைக்கும் வேலை மாவட்டச் செயலகத்துக்கும் வைத்தியசாலைக்கும் படையினருக்கும் பாடசாலைகளுக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் பொதுவானது. முதற்சிகிச்சை அறிந்த இளைஞர் பத்துப்பேர் ஒவ்வோர் ஊரிலும், நீர் தெளித்து ஆயத்தமாகக் கூடிய மைதானம் ஒவ்வொரு பிரிவிலும், ஆண்டுக்கு ஒரு முறை ஒத்திகையும் இருந்தாற் போதும். அவை அமைந்த நாளில், நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தாலும், காயமுற்றவனுக்கு மன்னார் தீவாக இராது.